காசியம்மாளின் இடது கன்னம்

முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, காசியம்மாளுக்கு முகத்தில் பரு வந்தது. கன்னிப் பருவத்தில்கூட அவளுக்கு ஒரு பரு வந்ததில்லை. சித்திரையில் தாடையோரம் இரண்டு எழும்பியபோது வேனல் சூடு என்று விட்டுவிட்டாள். வைகாசி பாதியில் இரண்டு கன்னங்களும் மோவாயும் சிவந்து, சீழ் கட்டி, சிரித்தால் வலித்தது.

அவள் ஊரான கோட்டைக்குப்பத்தில் முதலில் பரிதாபப்பட்டார்கள். நண்டு தின்னாதே என்றார்கள், விட்டாள். கருவாடு சூடு என்றார்கள், அதையும் விட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். எதுவும் அடங்கவில்லை. பிறகு பரிதாபம் வேறு நிறம் கொண்டது. கிணற்றடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன.

"வயசுப் பொண்ணுக்கு வந்தா பரு. ரெண்டு புள்ள பெத்தவளுக்கு வந்தா அதுக்கு வேற பேரு கீது," என்றாள் ஒருத்தி, யாரையும் பார்க்காமல்.

அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கியபின் கரையேறியது அது. படுக்கையில் தொற்றும் பறங்கி நோய். கோட்டை வாசலில் சாராயம் விற்ற ஒருத்தி உடம்பெல்லாம் புண்ணாகிச் செத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

காசியம்மாளுக்கும் கோட்டையோடு தொடர்பு இருந்தது. சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது அவள் தொழில். மரக்கலங்களின் பலகைக்குப் பூசும் எண்ணெய் அது. அந்த வருடம் கோட்டைக்காரர்கள் இரட்டிப்பாகக் கேட்டார்கள். நாள் முழுவதும் அடுப்படியில் நின்று காய்ச்சி, வாரம் ஒரு முறை கோட்டைக்குப் பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், அளந்து வாங்கும்வரை அங்கே காத்திருப்பாள்.

அவள் கணவன் நீலமேகம் கரையிலிருந்து துணிப்பொதிகளைப் படகில் ஏற்றி, கடலில் நிற்கும் கப்பல்களுக்குக் கொண்டுபோகிறவன். அதிகம் பேசாதவன். அவனும் இப்போது அவள் வைத்த சோற்றைத் தள்ளி உட்கார்ந்து தின்றான். ஒரு நாள் கேட்டான்:

"நேத்து எண்ணெ குடுக்கப் போனியே, அங்க யாராண்ட பேசிக்கினு இருந்தே?"

"அளக்கறவனாண்ட. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் மனத்திலும் ஒரு முள் இருந்தது. கப்பலுக்குப் போகிறவன் அவன்தானே? தன் உடம்பில் வந்தது யார் உடம்பிலிருந்து வந்தது? அவன் குப்பத்தை ஒட்டிய ஏரித் தண்ணீரில் குளிக்கும்போது வலை உலர்த்தும் சாக்கில் கரையில் நின்று, அவன் முதுகையும் தொடையையும் கண்ணால் துழாவினாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்போதும் முள் எடுபடவில்லை.

ஆனி பிறந்ததும் குப்பத்துப் பெரியதனக்காரர் தருமலிங்கம் கோயிலடியில் கூட்டம் கூட்டினார். மருத்துவச்சி பொன்னியம்மாள் காசியம்மாளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், மறைவுக்கு அழைத்துப் போய் உடம்பைப் பார்த்தாள்.

"வேற எங்கயும் புண்ணு இல்ல. மூஞ்சில மட்டுந்தான்," என்றாள் திரும்பி வந்து.

"அப்ப அது இல்லன்னு சத்தியம் பண்ணுவியா?" என்றார் தருமலிங்கம்.

பொன்னியம்மாள் தயங்கினாள். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. பரு ஆறும்வரை காசியம்மாள் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, எண்ணெய்ப் பானையைத் தொடக் கூடாது என்று தருமலிங்கம் சொல்லிவிட்டார். நீலமேகம் கூட்டத்தின் ஓரத்தில் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோட்டைக்குக் கொடுக்க வேண்டிய எண்ணெய் நிற்கக் கூடாதே. கொழுந்தன் மனைவி குப்பம்மா, தான் காய்ச்சுவதாகச் சொன்னாள். காசியம்மாளுக்கு இப்போது இன்னொரு சந்தேகம் பிறந்தது. சித்திரைப் பிறப்பில் பூசிக் குளிக்க மஞ்சள் கொண்டுவந்து கொடுத்தவள் இதே குப்பம்மாதான். அதைப் பூசிய பிறகுதானே பரு வந்தது? இந்த அடுப்பின்மேல் அவளுக்கு எத்தனை நாளாகக் கண்ணோ?

வீட்டோடு அடைந்து கிடந்த காசியம்மாளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஓலைத் தட்டியின் சந்து வழியாகக் குப்பம்மாவைப் பார்த்தாள். அவள் ஈரலை அறுப்பதையும், நாற்றம் தாங்காமல் மூக்கையும் வாயையும் சுற்றித் துணி கட்டிக்கொள்வதையும், அதே துணியின் முனையால் சூடான பானையைப் பிடித்து இறக்குவதையும் பார்த்தாள். எல்லாம் தானும் முன்பு அப்படியே செய்ததுதான். சூது எதுவும் தென்படவில்லை. தென்படாததே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. மீதி இருந்த மஞ்சளைப் பொன்னியம்மாளிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னாள். பொன்னியம்மாள் முகர்ந்து பார்த்து, தன் கன்னத்திலேயே பத்து நாள் பூசிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை.

ஆடி நடுவில் ஒரு காலையில் குப்பம்மா தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு இன்னாக்கா செஞ்சே? பாரு!"

அவள் மோவாயிலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பாகப் பத்துப் பன்னிரண்டு பருக்கள்.

"நான் உன்னத் தொட்டே ஒன்ற மாசம் ஆவுது. நான் இன்னாடி செய்ய முடியும்?"

"அப்ப எப்படி வந்துது? நான் கோட்டப் பக்கமே போவலயே. எண்ணெய எம் புருசன்தானே தூக்கிக்கினு போறான்!" குப்பம்மா அழுதாள். அழுகையின் நடுவே காசியம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்து நின்றுவிட்டாள். "உனக்கு ஆறிப்போச்சேக்கா."

காசியம்மாள் கன்னத்தைத் தடவினாள். தழும்புகள் கையில் பட்டன, வலி இல்லை. மோவாயில் மட்டும் ஒன்றிரண்டு. ஒன்றரை மாதமாக யார் முகத்தையும் பார்க்கக் கூசி, தன் முகத்தையும் அவள் மறந்திருந்தாள்.

"குந்துடி," என்றாள். "நீ மூஞ்சில கட்டிக்கினு இருக்கியே துணி, அத எட்தா."

துணி விறைப்பாக இருந்தது. விரலால் தேய்த்தால் பிசுக்கு ஒட்டியது. குப்பம்மாவின் முகத்தில் அதைக் கட்டிப் பார்த்தாள். துணி மூடிய இடத்தில் மட்டும் பரு. நெற்றியில் ஒன்றுகூட இல்லை. முன் வருடங்களில் காசியம்மாள் காலையில் கொஞ்ச நேரம்தான் காய்ச்சுவாள். இந்த வருடம்தான் அந்த எண்ணெய்த் துணியோடு பொழுது முழுக்க அடுப்பு வெக்கையில் நின்றாள்.

இருவரும் தருமலிங்கத்திடம் போனார்கள். அவர் நம்பவில்லை. ஒருத்திக்கு இருந்தது இன்னொருத்திக்கு ஒட்டிக்கொண்டது என்றார்; இரண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகிறீர்கள் என்றார்.

"செரி, பெரியவரே," என்றாள் காசியம்மாள். "நானே திரும்பக் கட்டிக்கிறேன். இடது பக்கம் எண்ணெத் துணி. வலது பக்கம் சீயக்கா போட்டு அலசின துணி. ஒரு மாசம். தெனம் பொன்னியம்மா வந்து பாக்கட்டும். நோவுக்கு எடது வலது தெரியுமா?"

தருமலிங்கம் ஒப்புக்கொண்டார். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, வலது துண்டைத் தினமும் மாற்றிக் கட்டிக்கொண்டு அவள் மறுபடி அடுப்படிக்குப் போனாள். ஊர் வேடிக்கை பார்த்தது. இருபது நாள் ஒன்றும் இல்லை. அவளுக்கே பயம் வந்தது. இருபத்து மூன்றாம் நாள் இடது கன்னத்தில் ஒன்று எழும்பியது. மாதம் முடிவதற்குள் இடது கன்னம் கொப்புளித்தது. வலது கன்னம் சுத்தமாக இருந்தது. தன் முகத்தில் பரு வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட பெண் அந்தக் கரையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

தருமலிங்கம் அவள் முகத்தை இரு பக்கமும் திருப்பச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "கிணத்துக்குப் போம்மா," என்றார்.

அன்று மாலை நீலமேகம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றான். பாதியில் நிறுத்தினான்.

"கூட்டத்துல நான் பேசியிருக்கணும்."

"ஆமா."

"உம் மேல சந்தேகப்பட்டேன்."

"தெரியும். நீ குளிக்கறப்போ உன் உடம்பெல்லாம் நான் தேடிப் பாத்தேன், தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். "வல காய வைக்கிறேன்னு நின்னியே, அதுக்கா?"

அவள் தலையசைத்தாள். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் மீதிச் சோற்றைத் தின்று முடித்தான்.

கார்த்திகைக்குள் இடது கன்னமும் ஆறியது. குப்பம்மாவும் அவளும் இப்போது சேர்ந்தே காய்ச்சினார்கள். தினமும் துணி மாற்றினார்கள், பானை பிடிக்கத் தனிக் கந்தல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் மாதவிலக்குக்கு நான்கு நாள் முன்பு காசியம்மாளின் மோவாயில் இரண்டு பருக்கள் வந்துபோவது மட்டும் நிற்கவில்லை. வீட்டோடு இருந்த நாட்களிலும் அவை வந்ததை இப்போது எண்ணிப் பார்த்தாள். பொன்னியம்மாளிடம் கேட்டாள்.

"அது எண்ணெயால இல்ல. ஒடம்புக்குள்ள ரத்தம் திரும்பறதால. சில பேருக்கு வயசானாலும் வரும். அதுவா போயிடும், கிள்ளாதே," என்றாள் பொன்னியம்மாள்.

கிணற்றடியில் ஒருத்தி அந்த இரண்டையும் கூர்ந்து பார்த்தாள். காசியம்மாள் முகத்தைத் திருப்பாமல் கயிற்றை இழுத்து, குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள்.