பல்கேரியாவிலிருந்து வந்த ஜெர்மன் டாக்டர்

சீனாவின் லான்சோ நகரில் அந்த வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு வாசல் காப்பவள் ஷென் சித்தி. வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில், சிவப்பு இலந்தை மிதக்கும் தேநீர்க் குடுவையும் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையுமாக உட்கார்ந்திருப்பாள். சாவி கொடுப்பதும் கையெழுத்து வாங்குவதும்தான் அவளுக்கு விதித்த வேலை. அவளோ முப்பது நாட்டுப் பிள்ளைகளையும் தன் வயிற்றில் பிறந்ததுகள் போல அதட்டிக்கொண்டிருந்தாள். குளிர்காலத்தில் கணுக்கால் தெரிய ஒருவனும் அவளைத் தாண்டி வெளியே போய்விட முடியாது.

கலோயன் பல்கேரியாக்காரன். இருபத்தேழு வயது. ஒரு செமஸ்டர் சீன மொழி படிக்கவும், முடிந்த மட்டும் ஊர் சுற்றவும் வந்தவன். வந்த அன்று சாவி வாங்கும் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் கசகஸ்தான் வக்கீல். பின்னால் நின்றவள் கொரியாவில் கப்பல் வடிவமைப்பவள். "நீ ஊர்ல என்ன பண்றே?" என்று சித்தி இவனையும் கேட்டாள். இவன் அப்பா மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி டிரைவர். இவன் அந்த லாரியிலிருந்து பெட்டி இறக்குபவன். மருந்துக்கும் இவனுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் வக்கீலுக்கும் கப்பலுக்கும் நடுவில் நின்றுகொண்டு பெட்டி இறக்குகிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"டாக்டர்," என்றான்.

"அடி சக்கை! அப்போ என் முட்டியைக் கொஞ்சம் பாரேன்."

வேறு வழி? முட்டியை அமுக்கிப் பார்த்தான். தெரிந்த பத்து வாக்கியங்களில் ஒன்றை எடுத்துவிட்டான். "வெந்நீர் குடிங்க."

சீனாவில் காய்ச்சலுக்கும் வெந்நீர்தான், காதல் தோல்விக்கும் வெந்நீர்தான். ஷென் சித்தி தொடையில் தட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களா, நிஜ டாக்டர்!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து அவன் அவளுக்குச் செல்லப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் செய்யும் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டையில் ஒரு டப்பா அவனுக்கென்று தனியாக வரும். அவனும் கூச்சமில்லாமல் தின்றான்.

ஊர் சுற்ற அவனுக்கு வழிகாட்டியவன் தூ அண்ணன் என்கிற தரகன். தூவின் சரக்கு வெள்ளைக்கார முகம். ஒரு கடை திறக்கிறார்களா, அடுக்குமாடி வீடு விற்கிறார்களா, மேடையில் ஒரு வெளிநாட்டான் கோட்டுப் போட்டு நின்றால் கூட்டத்துக்கு ஒரு நம்பிக்கை. அந்த முகத்தை தூ வாடகைக்கு விடுவான். கலோயன் ஒரு சனிக்கிழமை இத்தாலியக் கட்டடக்கலை நிபுணனாக ரிப்பன் வெட்டினான். இன்னொரு சனிக்கிழமை, ஒயின் கடையில் பிரெஞ்சுக்காரனாக நின்று கோப்பையை மோந்து மோந்து தலையாட்டினான். காரில் கூட்டிப்போவார்கள், விருந்து வைப்பார்கள், மறுநாள் பக்கத்திலிருக்கும் குகைக்கோயிலையோ பாலைவனத்தையோ காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். வயிறு நிறைந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அக்டோபர் நடுவில் தூ ஒரு வெள்ளை அங்கியும் ஸ்டெதஸ்கோப்பும் கொடுத்தான். "இன்னிக்கு நீ டாக்டர் ஹான்ஸ். ஜெர்மனி. இதய நிபுணன். இந்தத் தாள்ல இருக்கறதைப் படி, போதும்." இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன டவுன். மண்டபம் நிறையக் கிழவர்களும் கிழவிகளும். ஆளுக்கு ஐந்து முட்டை இலவசம் என்று கூட்டியிருந்தார்கள். ஏதோ மலை வேரில் செய்த மாத்திரை, அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஓடிவிடும் என்று கலோயன் தாளைப் பார்த்துப் படித்தான். கைதட்டினார்கள். ஒரு கிழவி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது கொஞ்சம் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் மலையேறி மேகத்தைப் பார்த்ததும் அந்தச் சுருக் எங்கேயோ போய்விட்டது.

நவம்பர் நடுவில் ஒரு காலை, ஷென் சித்தி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். வாயெல்லாம் பல். கைப்பேசியில் ஒரு விளம்பரம். வெள்ளை அங்கி, ஸ்டெதஸ்கோப், டாக்டர் ஹான்ஸ்.

"டேய் கலோ, இதை எங்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா! என் அக்கா குய்லான் போன மாசமே அனுப்பிட்டா. இதை நம்பலாமாடின்னு கேட்டா. அட, இது எங்க விடுதிப் பையன்டி, நிஜமாவே டாக்டரு, பொய் சொல்ற பிள்ளை இல்லன்னேன். பேரும் ஊரும் மாறியிருக்கேன்னா. கம்பெனிக்காரன் அப்படித்தான்டி போடுவான், ஜெர்மனின்னாதான் விக்கும்னேன். சரிதானே?"

கலோயன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சொன்னதுக்கப்புறம்தான் வாங்கினா. மூணு வாரமா அதுதான் சாப்பிடறா. ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டா. அது சாப்பிட்டா கால் வீங்குதாம்."

"எந்த ஆஸ்பத்திரி மாத்திரை, சித்தி?"

"ரத்த அழுத்தத்துக்குத்தான். ரெண்டு வருஷம் முன்னாடி லேசாப் பக்கவாதம் வந்து வாய் கோணிப்போச்சு இல்ல, அதுலேருந்து தினமும் சாப்பிடுவா."

அங்கேயே, சாவி மாட்டும் பலகைக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னான். லாரி, பெட்டி, தூ, தாள். சொல்லச் சொல்ல, ஷென் சித்தி உரித்துக்கொண்டிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொட்டலத்துக்குள் திரும்பப் போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஏங்கினான். அவள் உடனே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாத்திரையை மாத்து என்று இவள் சொல்ல, உனக்கென்னடி தெரியும், டாக்டர் சொல்லட்டும் என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

"நாளைக்கு எனக்கு லீவு," என்றாள் சித்தி. "நீ என்னோட வர்றே."

மறுநாள் அக்கா ஊருக்குப் போகும் பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. "இதைக் கவனமாக் கேளு. என் அக்கா பிடிவாதக்காரி. மூக்கு அறுபட்டுதுன்னா உயிரே போனாலும் இறங்கி வரமாட்டா. அதனால நீ டாக்டர் இல்லன்னு அங்க சொல்லாதே. டாக்டராவே இரு. 'உங்க உடம்புக்கு இது ஒத்துக்காது, பழைய மாத்திரையே சாப்பிடுங்க'ன்னு சொல்லு. அவ கேப்பா. வந்துடலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"பொய்தான். தெரியும் எனக்கு. பரவாயில்ல."

அவனும் அப்படியே செய்யத்தான் நினைத்தான். ஆனால் குய்லான் தனியாக இல்லை. பழைய ஆலைக் குடியிருப்பின் நான்காம் மாடியில், ஏழெட்டுப் பேர் சோபாவிலும் முக்காலியிலுமாகக் காத்திருந்தார்கள். ஜெர்மன் டாக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றால் சும்மாவா? குய்லான் பட்டுச் சட்டை போட்டு, தலைமுடியைச் சுருட்டிவிட்டு நின்றாள். மேசையில் பேரிக்காய், வால்நட், சூடாக இரண்டு வகை நூடுல்ஸ். அவன் உட்கார்ந்ததும் சட்டைக் கையை மடித்து நாடி பார்க்க மணிக்கட்டை நீட்டினாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை மடிக்க ஆரம்பித்தார்கள். கலோயன் அத்தனை மணிக்கட்டுகளையும் ஒரு முறை பார்த்தான்.

"நான் டாக்டர் இல்லீங்க," என்றான்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்பான சிரிப்பு.

"பாத்தீங்களா! எவ்வளவு பெரிய படிப்பு, எவ்வளவு அடக்கம்!" என்றார் பக்கத்து வீட்டு டோங் பெரியவர். "நம்ம ஆஸ்பத்திரிக்கு நேத்து வந்த பொடியன் மூக்கை ஆகாசத்துல வச்சுக்கிட்டு நடக்கறான்."

அவர்கள் மேல் தப்பில்லை. அந்த ஊரில் யாராவது சமையல் பிரமாதம் என்று புகழ்ந்தால் வாயில் வைக்க லாயக்கில்லை என்று சொல்லவேண்டும். பையன் முதல் மார்க் வாங்கினால் அது மடையன், ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லவேண்டும். புகழ்ந்ததும் நன்றி என்று வாங்கிக்கொள்பவன்தான் வளர்ப்புச் சரியில்லாதவன். கலோயனே மூன்று மாதமாக எல்லோரிடமும் அப்படித்தான் மறுத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நிஜமா," என்றான்.

"தெரியாதாம்! தெரியாதாம்!" டோங்குக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "நம்ம வழக்கத்தையெல்லாம் என்ன அழகாக் கத்துக்கிட்டாரு!"

ஷென் சித்தி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சொல்லடா என்று அர்த்தம். நிஜந்தான். வழி தானாகவே திறந்து கிடந்தது. இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், குய்லான் அன்றே பழைய மாத்திரையைத் தேடி எடுத்திருப்பாள். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் அந்த மரியாதையை இன்னொரு நொடி தாங்க அவனால் முடியவில்லை. அத்தனை பேரும் பூஜிப்பதைப் போலப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் கூசியது. எப்படியாவது அதிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எழுந்தான். மாணவர் அட்டையை எடுத்து நூடுல்ஸ் கிண்ணங்களுக்கு நடுவில் போட்டான். "இது அடக்கம் இல்ல! நான் டாக்டர் இல்ல, ஜெர்மனி இல்ல, ஹான்ஸ் இல்ல. லாரியில பெட்டி இறக்கறவன். தாள்ல எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். அந்த மாத்திரையை நிறுத்துங்க, பழைய மாத்திரையைச் சாப்பிடுங்க!" கடைசியில் அழுதும்விட்டான்.

சொல்லி முடித்ததும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது! நேற்றிலிருந்து ஏறிய சுமை இறங்கியது போலிருந்தது.

குய்லான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஒருத்திக்கு அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. ஒருத்திக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. டோங் பெரியவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, யார் முகத்தையும் பாராமல் செருப்பைத் தேடினார்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் குய்லான் குரலை உயர்த்தினாள். அவர்களுக்குக் கேட்கவேண்டும் என்றே உயர்த்தினாள்.

"இவன் டாக்டர் இல்ல. சரி. அதுக்காக மருந்து பொய்யாயிடுமா? எனக்குத் தலைசுத்தல் நின்னிருக்கு. கால் வீக்கம் வத்தியிருக்கு. மருந்து நல்ல மருந்து. நான் சொல்லித்தான் பதினோரு வீட்டுல வாங்கியிருக்காங்க, நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல!"

"அக்கா..." என்றாள் ஷென் சித்தி.

"நீ பேசாதே. பொய் சொல்ற பிள்ளை இல்லன்னு சொன்னவதானே நீ?"

கலோயன் கெஞ்சினான். "பெரியம்மா, உங்க கால்ல விழறேன். பழைய மாத்திரையை மட்டும்..."

"ஏன்டா, டாக்டரா இருந்து நீ சொல்லியிருந்தா மறுபேச்சில்லாமக் கேட்டிருப்பேன்," என்றாள் குய்லான். "டாக்டர் இல்லன்னு நீயே சொல்றே. அப்புறம் எதை நிறுத்து, எதைச் சாப்பிடுன்னு எனக்குச் சொல்ல நீ யாரு?"

அவள் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். அவன் படம் ஒட்டிய டப்பாதான். இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் தட்டி, கதவைத் திறந்து வைத்து, மாடிப்படியில் நின்றவர்கள் பார்க்கும்படி வெந்நீரோடு விழுங்கினாள். விழுங்கும்போது இடதுபக்க உதடு சரியாக மூடவில்லை; கொஞ்சம் நீர் பட்டுச் சட்டையில் வழிந்தது. சித்தி கைக்குட்டையால் துடைக்கப் போனாள். குய்லான் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

நூடுல்ஸ் அப்படியே ஆறிப்போனது. அவர்கள் மாலை நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பஸ் பாதி தூரம் வந்திருந்தது. சாலையோரம் மொட்டை மலைகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வாரம் மறுபடி வருகிறேன், ஒரு நிஜ டாக்டரைக் கூட்டிவருகிறேன், போலீசில் சொல்கிறேன் என்று கலோயன் ஏதேதோ சொன்னான். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. சாக்ஸ் போட்டாயா என்று கேட்கிற அதே குரல்தான்.

"அங்க எல்லாத்தையும் கொட்டினியே. உனக்கு லேசாச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்று காலையில்தான் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தான்.

"ஆச்சு, சித்தி," என்றான்.

அவள் தலையசைத்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.