கூடில்லாத காடு

மந்திரி வந்து பேசிவிட்டுப் போன நாளிலிருந்து மரவெட்டிக்குச் சோறு இறங்கவில்லை. மர டிப்போவில் அடுக்கியிருந்த கட்டைகள்மேல் ஏறி நின்று, "பறவை பெருசா, உங்க புள்ளைங்க வயிறு பெருசா?" என்று அவர் கேட்டதும் விசில் பறந்தது. எல்லோரையும்விட உரக்க அடித்தவன் இவன்தான். அடுத்த வாரம் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்களாம். ஒரே ஒரு இருவாச்சிப் பறவையின் கூடு கண்ணில் பட்டாலும் மரம் வெட்டவிடாமல் காட்டைப் பூட்டிவிடுவார்களாம். கூடு எங்கே இருக்கிறதென்று மந்திரி கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் அதையெல்லாம் கேட்பார்களா?

இவனுக்குத் தெரியும். ரம்பம் வைக்கும் முன் கோடாரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பொந்து என்றால் பலகை தேறாது, விட்டுவிடுவார்கள். ஓடையோரத்து மரத்தை அப்படித் தட்டியபோது உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். பெட்டை இருவாச்சி பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை மண் வைத்து அடைத்துக்கொள்ளும். சேவல்தான் சின்ன இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும்.

"யோசிக்காத மச்சான்," என்றான் தங்கை புருஷன். டிப்போ லாரி அவனுடையது. "உன் தங்கச்சி மாசமா இருக்கா. வேலை போச்சுன்னா நான் அவளுக்கு எதைக் குடுப்பேன்?"

இவன் அறுத்தான். மரம் சாயும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சேவல் பழத்தோடு வந்து, மரமில்லாத இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

கூடில்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். டிப்போ ஆட்கள் மந்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் அடங்குவதற்குள், இனித் தடையேதும் இல்லாத காடு முழுசாக வெளியூர்க் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போனது. அவர்கள் கொண்டுவந்த ராட்சச எந்திரம் மரத்தைப் பிடித்தது, அறுத்தது, கிளை கழித்தது, லாரியிலும் ஏற்றியது. அதை ஓட்ட ஒரே ஆள், அவனும் கம்பெனி ஆள். டிப்போவை இழுத்து மூடினார்கள். மரவெட்டி, தங்கை புருஷன், எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள்.

வேலை கேட்டு மந்திரி ஆபீசுக்குப் போனான். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய இருவாச்சிப் படம், புத்தம் புதுசு.

"நான் என்னப்பா பண்றது?" என்று மந்திரி உச்சுக்கொட்டினார். "அந்தப் பறவை ஒண்ணு இருந்திருந்தா கோர்ட்டுக்குப் போயி கம்பெனியை நிறுத்தியிருப்பேன். நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க."

இவனுக்கு நாலு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது.

"தேர்தல் வேற வருது," என்று மந்திரி குரலைத் தாழ்த்தினார். "காட்டுலயே கெடந்தவன் நீ. இன்னொரு கூடு எங்கயாச்சும் இருக்கான்னு தேடிப் பாரேன்."

"சரிங்கய்யா, பாக்கறேன்," என்றான் மரவெட்டி.