ஷிஃப்ட்டுக்கு எவ்வளவு

இரண்டு நாளாக ஷைலஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு கெட்டவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் ஓர் அறக்கட்டளை, புது வேனுக்கும் போர்டுகளுக்கும் டிசைன் செய்துதரச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனியை இல்லை, அவளை! சொந்தப் பேரில் வரும் முதல் வேலை. இது அமைந்தால், விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் பிடிக்கும் பிழைப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊரிலேயே கடை திறக்கலாம்.

ஆனால் எவ்வளவு கேட்பது?

"தர்ம காரியத்துக்குப் போய் காசு கேப்பியா? உங்கப்பாவே அந்த நெஞ்சு வியாதியிலதான போனாரு," என்றான் புருஷன் கிரண். வாழ்த்துச் சொல்ல அவனுக்குக் கிடைத்த வார்த்தை இதுதான்.

"இன்னிக்கு சும்மா செஞ்சா நாளைக்கு ஊரே சும்மா கேக்கும். அப்புறம் கடைய தெறந்து ஈ ஓட்டவா?"

சொல்லிவிட்டாளே தவிர, அப்பாவின் இருமல் காதிலேயே இருந்தது. நாற்பதாயிரம் என்று எழுதினாள், அடித்தாள். ஐயாயிரம் என்று எழுதியதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கடைசியில் இந்தச் சுரங்க ஊர்க் கணக்கிலேயே போட்டாள்: பத்து ஷிஃப்ட் வேலை, ஷிஃப்ட்டுக்கு இரண்டாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்கெலட்டன் என்று ஊரார் சொல்லும் பொது மண்டபத்தில் அறக்கட்டளையின் கமிட்டி கூடியது. மேனேஜர் இந்துவின் பக்கத்தில் தலைவர் செல்வமணியும் முனிசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் பழைய தொழிற்சங்க ஆட்கள். ஆயுசு முழுக்கக் கூலிக்காக மல்லுக்கட்டியவர்கள். ஷைலஜா ஒரே மூச்சில் கணக்கைச் சொல்லி முடித்தாள்.

"ஷிஃப்ட்டுக்கு ரெண்டாயிரமா?" செல்வமணியின் புருவம் ஏறியது. "ராத்திரியும் வேல செய்வியாம்மா?"

"சில நாள் செய்வேங்க."

"அப்போ நைட் அலவன்ஸ் எங்க?"

"கண்ணு வலிக்கும், இடுப்பு வலிக்கும். அதுக்கு இன்னா குடுப்பாங்க?" என்று முனிசாமியும் சேர்ந்துகொண்டார்.

செல்வமணி மேஜையைத் தட்டினார். "ரெண்டாயிரத்தி ஐநூறு. அதுக்கு ஒரு பைசா கொறஞ்சாலும் நாங்க ஒத்துக்க மாட்டோம்."

"ஐயா," என்றாள் இந்து மெதுவாக, "குடுக்கப் போறதே நாமதான்."

செல்வமணி முழித்தார். பாவம், மேஜையின் இந்தப் பக்கத்தில் அவர் என்றைக்கு உட்கார்ந்தார்! முனிசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இருக்கட்டுமே," என்றார் செல்வமணி விறைப்பாக. "நாமளே கூலிய கொறச்சா, அப்போ மேனேஜ்மென்ட்ட எதுக்குத் திட்டினோம்? எழுதும்மா இந்து, ரெண்டாயிரத்தி ஐநூறு."

ஷைலஜா சிரித்துவிட்டாள். "அப்போ ரெண்டு ஷிஃப்ட்ட எங்கப்பா பேர்ல போட்டுக்கோங்க. அதுக்குக் கூலி வேணாம்."

செல்வமணி சரி என்று தலையசைத்தார். இந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஷைலஜா முதலில் கேட்ட அதே இருபதாயிரம்தான் வந்தது. பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்த ஷைலஜா வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. கிரணுக்குப் போன் போட்டாள்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்," என்றான் அவன். "ஸ்டேஷன்லதான் இருக்கேன். உன் சீசன் டிக்கெட் நாளையோட முடியுது. எடுத்துடட்டா?"

"எடுக்காத," என்றாள்.