கேட்காமல் எடுத்த படம்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் தாராளமாக இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். கேட்டால் வயிறு எரியும். எரியட்டும். எனக்கு எரிந்து முடியவில்லை, உங்களுக்கும் கொஞ்சம் பங்கு தருகிறேன்.

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் ஆனந்தவள்ளி என்று ஒருத்தி. கல்லூரி நாளில் கபடி ஆடியவள். அவள் பிடித்த பிடியை இரண்டு பேர் சேர்ந்தாலும் விடுவிக்க முடியாது என்பார்கள். புருஷன் பெயர் தளவாய், பட்டாளத்தில் வேலை. சென்னைக்குப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற படிப்பை முறையாகப் படித்துவிட்டு வந்து, தென்காசியில் லிங்கேஸ்வரன் என்கிற பையன் வைத்திருந்த ஜிம்மில் பயிற்சிக்காரியாகச் சேர்ந்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகு, பகலில், பெண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு. கதவைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை இழுத்துவிட்டு நடக்கும். பீடி சுற்றிக் கழுத்து இறுகிப்போனவர்கள், பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப்போனவர்கள், சர்க்கரைக்குப் பயந்தவர்கள் என்று ஆள் சேர்ந்தது. அவர்களில் ஒருத்திதான் ரஹ்மத்துன்னிசா.

ரஹ்மத்துன்னிசாவின் புருஷன் மசூது சவூதியில் வேலை பார்க்கிறான். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவளால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. எடையைக் குறை, காலுக்குப் பலம் ஏற்று என்றார் டாக்டர். அவளை ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு வந்தது மாமியார் நஸீபாதான். வந்த அம்மாள் கட்டணத்தைக் கேட்கவில்லை, மிஷின்களைப் பார்க்கவில்லை. உள்ளே ஆண்பிள்ளைகள் யாரும் வருவார்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் இருக்கேன் உம்மா. ஒரு ஈ உள்ள வராது" என்றாள் ஆனந்தவள்ளி.

ஈ வரவில்லைதான். ஆனால் சுவர் மூலையில் ஒரு கேமரா இருந்தது. பெண்கள் நேரத்தில் அதை அணைத்துவிடுவதாக லிங்கேஸ்வரன் சொல்லியிருந்தான், ஆனந்தவள்ளியும் நம்பியிருந்தாள். அவன் அணைக்கவே இல்லை. ரஹ்மத்துன்னிசா புர்கா இல்லாமல், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க இரும்புத் தண்டை முதன்முதலாகத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திச் சிரித்தாளே, அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்தான். வாத்து கத்துகிற சத்தத்தை அதில் ஒட்டினான். மேலே 'பிரியாணி குண்டு இப்போ பவர் லேடி' என்று எழுதினான். ஜிம் பெயரைக் கீழே போட்டு ரீல்ஸாக ஊருக்கு விட்டான்.

தன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அந்த வாத்துச் சத்தத்தை ஒட்டியிருப்பானா? கேளுங்கள் பிள்ளைகளே, நீங்களே கேளுங்கள்.

ஆனந்தவள்ளிக்கு முதலில் ஒன்றும் தெரியாது. ரஹ்மத்துன்னிசா வரவில்லை. அப்புறம் அவளோடு வருகிறவர்கள் வரவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு ஒருவருமே இல்லை. என்னவோ ஏதோ என்று அவள் நஸீபா வீட்டுக்கே போனாள். வாசலில் நின்ற நஸீபா உள்ளே வா என்று சொல்லவில்லை. கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாத்து கத்தியது.

"இதுல உன் ஈ எங்கம்மா இருந்துச்சு?" என்றாள் நஸீபா.

ஆனந்தவள்ளி அதை வாங்கிக் கடைசிவரை பார்த்தாள். தனக்குத் தெரியாது என்றாள். தெரியாமல் இருந்ததற்குத்தான் உன்னை நம்பி அவளை விட்டேனா என்று கேட்டாள் அந்த அம்மாள். மசூதுக்கு அதைக் காட்டியது அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறவர்கள். அவன் பெண்டாட்டி என்று தெரியாமல் சிரித்துச் சிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"எம் மவன் திட்டலம்மா. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். 'இவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே உம்மா'ன்னு போன்ல அழுதான். கட்டுனவன் பாக்காத சிரிப்பை ஊரெல்லாம் பாத்துருச்சு."

வாசல் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் நின்றது. அது ரஹ்மத்துன்னிசாதான் என்று ஆனந்தவள்ளிக்குத் தெரிந்தது. கூப்பிட்டாள். நிழல் உள்ளே போய்விட்டது.

அங்கிருந்து ஜிம்முக்கு அவள் நடந்தே போனாள். ஆட்டோவில் உட்காரக்கூட உடம்பு ஒப்பவில்லை, அத்தனை கொதிப்பு. லிங்கேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா அக்கா, செங்கோட்டையிலிருந்தெல்லாம் போன் வருகிறது என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்தபிறகு, வேண்டுமானால் அந்த அக்கா முகத்தின்மேல் ஒரு சூரியகாந்திப் பூ படத்தை ஒட்டிவிடட்டுமா என்றான்.

"அவகிட்ட கேட்டியாலே?" என்றாள் ஆனந்தவள்ளி.

"கேட்டா யாருக்கா சரின்னு சொல்லுவா? அதான் கேக்கல."

இந்தச் சொல்லைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விட்டிருந்தால் அது பிழை. வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் என்ன? அடுத்தவர் தோட்டத்துத் தேங்காயாக இருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அவன் அதை அழிக்கும்வரை அவள் நகரவில்லை. அழித்தான். எத்தனையோ பேர் அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். இனிமேல் இங்கே வேலை பார்க்க முடியாது என்று அவள் சொன்னபோது அவன் சிரித்தான்.

"ரீல்ஸ் இல்லாம உங்களத் தேடி எவன் வருவான்? கோயில் வாசல்ல தண்டோரா போடப் போறீயளா? ஆறு மாசத்துல நீங்களே கேமராவத் தூக்கிட்டு வருவீய, பாருங்க."

அவள் படியிறங்கினாள். ரஹ்மத்துன்னிசா முகத்தில் ஒருமுறை விழிக்க வேண்டும், தன் கையை நம்பி ஒரு பெண் மறுபடியும் பாரம் தூக்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான்.

நடந்ததோ வேறு. தனியாகப் பயிற்சி சொல்லித்தருகிறேன் என்று நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்துக் கொடுத்தாள். ரேஷன் கடையில் ஒட்டினாள். தெரிந்த டாக்டரிடம் சொல்லி வைத்தாள். ஒருவரும் வரவில்லை. நோட்டீஸைப் படித்தவர்கள், அந்த வீடியோ ஜிம்மில் இருந்தவள்தானே இவள் என்று மடித்துக் குப்பையில் போட்டார்கள். படத்தை எடுத்தவன் ஜம்மென்று இருந்தான், பழி இவள் தலையில் உட்கார்ந்துகொண்டது. உலகத்து நியாயத்தைப் பார்த்தீர்களா?

இப்படியே சீசன் வந்தது. குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. ஐந்தருவி சாலையில் ஒரு தங்கும் விடுதியில், காலையில் விருந்தாளிகளுக்குப் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். மேனேஜர் சான்றிதழை வாங்கிப் புரட்டிவிட்டு, உங்களுக்கு ஃபாலோயர்ஸ் எத்தனை பேர் என்று கேட்டார். என் பின்னால் என் நிழல் வருகிறது, மழைக்கு அதுவும் வரவில்லை என்றாள். அவர் சிரித்துவிட்டு, ஒரு பேஜ் ஆரம்பித்துக்கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

தலை கொதிக்கிறவர்கள் எல்லாரும் போகிற இடத்துக்குத்தான் அவளும் போனாள். பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தென்காசியிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் பாவாடையை மாரோடு கட்டிக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, தண்ணீர் முதுகில் அறைய அறையக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீருக்குள் போகுமுன்னே கம்பித் தடுப்புக்கு அந்தப்புறம் ஒருவனைப் பார்த்துவிட்டாள். அருவியைப் படம் பிடிக்கிறவன்போல நின்றான். அருவி மேலே இருந்து விழுகிறது. அவன் கைபேசி மேலே பார்க்கவில்லை. அந்த ஜிம்மிலிருந்து வந்த பிறகு அவள் எங்கே போனாலும் முதலில் கேமரா எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பாள்.

போனாள், பிடித்தாள். மணிக்கட்டில் பிடித்த பிடி. அவன் உதறிப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், நடக்கவில்லை. அருவியைத்தான் எடுத்தேன் என்று கத்தினான்.

"அருவிக்கு இடுப்பு இருக்காலே? காட்டு, எல்லாரும் பாப்போம்" என்றாள்.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையில் சோப்பு டப்பா, அதாலேயே அவன் தலையில் ஒன்று வைத்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா வந்து கைபேசியைப் பிடுங்கி அவனை இழுத்துக்கொண்டு போனார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களை இவ்வளவு கிட்டக் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு கல்லூரிப் பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தாள். அபி என்று பெயர். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நடந்தது முழுவதையும் அவள் தன் கைபேசியில் எடுத்திருந்தாள். அக்கா நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தாள். பயிற்சிக்காரி என்றதும் அவளுக்கு இன்னும் சந்தோஷம். இதைப் போட்டால் ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க உங்களைத் தெரிந்துவிடும், பயிற்சிக்கு வரிசையில் நிற்பார்கள், போடட்டுமா என்று கேட்டாள்.

ஆனந்தவள்ளி மனம் ஆடியது. ஆடாமல் இருக்க அவள் என்ன கல்லா? விடுதி மேனேஜர் போன் போடுவார். லிங்கேஸ்வரன் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவாய் என்றானே, தூக்காமலே வந்துவிட்டது. அபி காட்டிய திரையைக் குனிந்து பார்த்தாள். நடுவில் அவள், ஒரு கையால் ஒரு தடியனைப் பிடித்துக்கொண்டு, ராணி மாதிரி. அவளுக்குப் பின்னால் நனைந்த பாவாடையோடு இருபது முப்பது பெண்கள்.

"பின்னால நிக்கவங்களக் கேட்டியாம்மா?" என்றாள்.

"அக்கா, நீங்கதான் இதுல ஹீரோயின். அவங்க சும்மா பின்னால நிக்காங்க."

"சும்மா நிக்கதுக்கு அவங்க என்ன கல்தூணா? அவன் திருடி எடுத்தான். நீ எனக்கு நல்லது செய்யணும்னு எடுத்திருக்க. படத்துல இருக்கவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தாயி. அழிச்சிரு."

அபி முகம் வாடிவிட்டது. ஆனாலும் அழித்தாள். அழித்தது போய் ஒளிந்துகொள்கிற இடத்திலிருந்தும் அழித்துக் காட்டினாள்.

இதையெல்லாம் அந்த நனைந்த பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முப்பிடாதி. தென்காசி கூலக்கடை பஜாரில் பெண்களுக்குத் துணி தைக்கிற கடை வைத்திருப்பவள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஆனந்தவள்ளியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, வீடியோ ஜிம்முல இருந்த ஒருத்தின்னு சொல்லுதாவளே, அவ நீதானா?"

"நான்தான்க்கா."

"அப்பம் ஊரு தப்பால்லா சொல்லிருக்கு" என்றாள் முப்பிடாதி. பிறகு, மிஷினில் குனிந்து தைத்துத் தைத்துத் தன் வலது கை காதுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்கிறது, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள்.

அவள்தான் முதல் ஆள். கடைக்குப் பின்னால் துணி வெட்டுகிற அறையில், மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயிற்சி நடந்தது. அடுத்து வேனில் வந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் கூட்டிவந்தவர்கள் என்று கூடியது. ஒரு தையல்காரிக்குத் தெரியாத பெண் உடம்பு ஊரில் உண்டா? அளவு ஜாக்கெட்டை நீட்டுகிற எல்லாரிடமும் முப்பிடாதி அருவிக் கதையைச் சொன்னாள். சில மாதம் கழித்து அதே பெண்கள் ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடு என்று வந்தார்கள். என்னட்டி, சர்க்கரை வந்துவிட்டதா, இப்படி வற்றிவிட்டாய் என்று பக்கத்தில் நிற்கிறவள் விசாரிப்பாள். இல்லை என்று இவள் விளக்குவாள். விளம்பரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நாள் துணி தைக்கக் கொடுக்க நஸீபா அந்தக் கடைக்கு வந்தாள். முப்பிடாதி வழக்கம்போல ஆரம்பித்தாள். நஸீபா முழுக்கக் கேட்டாள். போட்டிருந்தால் அவள் பிழைப்புக்கு நல்லதுதானே, நிஜமாகவே அழிக்கச் சொன்னாளா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அந்தப் படத்தில் நனைந்துபோய் நின்றதே நான்தான், எனக்குத் தெரியாதா என்றாள் முப்பிடாதி.

மறுநாள் நஸீபா குத்துக்கல்வலசைக்கே வந்துவிட்டாள். ஆனந்தவள்ளி பதறி நாற்காலியை எடுத்துப் போட்டாள். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அது எம் மருமவ சொல்லணும். திரும்பப் பாரம் தூக்கணும்ங்கா அவ. வெளிய எங்கயும் வேண்டாம், எங்க வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. மாடிப்படி கீழ நான் உக்காந்துக்கிடுவேன். மேல போறவ எல்லாம் போனை எங்கிட்ட குடுத்துட்டுத்தான் போவணும். உன் போனுந்தான்."

"சரி உம்மா" என்றாள் ஆனந்தவள்ளி.

அப்படித்தான் இன்றைக்கும் நடக்கிறது. மாடிப்படிக்குக் கீழே நஸீபா ஒரு பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன்களை அதில் வாங்கிப் போட்டு மூடுகிறாள். உள்ளே அவை மணியடித்துக்கொண்டு கிடக்கும், அந்த அம்மாள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். மாடி கொள்ளாமல் ஆள் வந்து, இப்போது இரண்டு வேளை வகுப்பு. எந்தப் பலகையும் கிடையாது, எந்தப் பேஜும் கிடையாது.

ரஹ்மத்துன்னிசா முதல் நாள் வந்ததும் பாரத்தின் பக்கமே போகவில்லை. நான்கு சுவரையும் பார்த்தாள். ஏணியில் ஏறி மின்விசிறியைப் பார்த்தாள். சுவர்க் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பின்னாலும் பார்த்தாள். ஆனந்தவள்ளி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவள், "ஆரம்பிப்போமாக்கா?" என்றாள்.

அப்புறம் மேலே என்ன நடந்தது, எவள் எவ்வளவு தூக்கினாள் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். சொல்லட்டுமா என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை.

லிங்கேஸ்வரன் அழியவில்லை, பிள்ளைகளே. அவன் ஜிம்மில் பையன்கள் கூட்டம் குறையவில்லை. அந்த வாத்துச் சத்தமும் எவன் கைபேசியிலாவது இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் என் பல் நறநறக்கிறது. ஆறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கட்டும். அந்தச் சத்தம் அவர்கள் பிரியப்பட்டவர்கள் காதில் மட்டும் விழட்டும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதுகெலும்பு நேராக நிற்கட்டும். கேட்டு வாங்கிய அன்னமே உங்கள் அடுப்பில் என்றைக்கும் பொங்கட்டும். போய் வாருங்கள், என் ராசாக்களே, ராசாத்திகளே.