கர்த்தர் மூடிய கதவு

"அவ முடியாதுன்னு சொல்லல தம்பி. அவ வாய வச்சு கர்த்தர் சொன்னாரு. அத மொதல்ல புரிஞ்சுக்க."

"அவதான் சொன்னா பிரதர். நான் எதிர்ல நின்னு கேட்டேனே."

"நீ காதால கேட்ட. நான் ஆவியில சொல்றேன்." ஹார்லன் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளைக் கிரேவி தெறித்து அவருடைய சட்டைப்பையில் விழுந்தது. அவர் அதை விரலால் வழித்து நக்கிக்கொண்டார். "நாளைக்குச் சாயங்கால ஆராதனையில, கர்த்தர் உனக்குச் செஞ்சத மேடையேறி நீ சாட்சி சொல்ற. முடிவு பண்ணியாச்சு."

"இன்னும் மனசு ஆறல பிரதர்."

"ஆறுறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் சாட்சி. ஆறினப்புறம் சொன்னா அது கதை."

ஜட் தட்டை நீட்டினான். ஹார்லன் பிஸ்கட் ரொட்டியைப் பிளந்து போட்டு, அதன்மேல் கிரேவியை ஊற்றினார். பன்றிக்கறித் துண்டுகள் மிதந்த அந்த வெள்ளைக் குழம்பை ஜட் சிறுவயதிலிருந்து ஆசையாகத் தின்று வளர்ந்தவன். இன்றைக்கு அதன் மேலே ஆடை கட்டுவதைப் பார்த்ததும் தட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

அது மாதாந்திர ஆண்கள் சிற்றுண்டி. சபையின் கீழ்த்தளத்தில் நடக்கும். பெயர்தான் ஆண்கள் சிற்றுண்டி. காபி ஊற்றவும் மேசை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் பெண்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். கிரேவி கிண்டுவது மட்டும் ஆண்கள் வேலை. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் சபை மூப்பர் ஹார்லன் அதை ஓர் ஊழியமாகவே செய்துவந்தார். உடைந்த ஆண்களைத் தேற்றி எழுப்புவதும் அவர் ஏற்றுக்கொண்ட ஊழியம்தான். அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் உடைந்த ஆண்களுக்குப் பஞ்சமில்லை.

ஜட் உடைந்தது ஜூலையில். அவன் வீடுகளுக்கு ஏசியும் ஹீட்டரும் மாட்டுகிறவன். முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. சபையில் பியானோ வாசிக்கும் கொரீன்மேல் அவனுக்கு வெகுநாளாக மனம் இருந்தது. மனம் இருக்கிறது என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சபையில் யாரும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. கர்த்தரின் சித்தம் என்ன என்று பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவன், வேதாகமத்தில் வரும் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டதுபோல ஓர் அடையாளம் கேட்டான். ஆண்டவரே, இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தால், அவள்தான் என் மனைவி.

வெளியே தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்த வெயில். கொரீன் பச்சை ஸ்வெட்டரோடு வந்து பியானோ முன்னால் உட்கார்ந்தாள். கிதியோன் இரண்டு தடவை கேட்டானே என்று அவனும் அடுத்த வாரம் மறுபடி கேட்டான். மறுபடியும் பச்சை ஸ்வெட்டர். ஜட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே கார் நிறுத்தும் இடத்தில் அவள் வழியை மறித்து நின்று சொன்னான்: கர்த்தர் உன்னை எனக்குக் காட்டியிருக்கிறார்.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: எனக்குக் காட்டவில்லையே ஜட்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது.

"வா பிரதர், எங்க கூட்டத்துல சேர்ந்துக்க!" நீண்ட மேசையிலிருந்து வெஸ் கையை ஆட்டினான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், குரல் பஸ்ஸின் கடைசி சீட்வரைக்கும் கேட்கும். "இங்க வா, க்ளேட்டன் பக்கத்துல உக்காரு. கொரீன்கிட்ட அடிபட்டவங்கல்லாம் இந்த மேசைதான்."

ஜட் உட்கார்ந்தான். "உனக்கும் அவளா?"

"பின்ன? உனக்கு மட்டும்தான்னு நெனச்சியா? நாங்கல்லாம் முன்னாடியே வாங்கிக் கட்டிக்கிட்டவங்க. 'சிஸ்டர், கர்த்தர் உன்ன எனக்குக் காட்டியிருக்காரு'ன்னேன். என்ன சொன்னா தெரியுமா?" வெஸ் கண்ணை உருட்டி, பெண் குரலில் இழுத்தான். "'எனக்குக் காட்டலையே பிரதர்.'"

மேசை அதிரச் சிரித்தார்கள்.

"என்கிட்டயும் அதேதான்யா," என்றான் க்ளேட்டன், மீசையில் கிரேவியோடு. "நான் அழுதுட்டேன். ஆனா பாரு, அந்தக் கதவு மூடலன்னா இந்தக் கதவு தொறந்திருக்குமா?"

"அதச் சொல்லு!" வெஸ் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, காபி ஊற்றிக்கொண்டிருந்த தன் மனைவியின் இடுப்பைத் தட்டினான். "அவ வேணாம்னதாலதான இவ கெடச்சா. கர்த்தர் நமக்கு ஏத்ததப் பாத்துத்தான் குடுக்கிறாரு. இல்ல டார்லா?"

டார்லா கூஜாவை நிமிர்த்தினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்துவைத்த மேசைபோல இருந்தது. "இன்னும் காபி வேணுமா?" என்று கேட்டாள்.

ஜட் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். கர்த்தர் உன்னை எனக்குக் காட்டியிருக்கிறார். அதை அவன் முழங்காலில் நின்று, கண்ணீர்விட்டு, தனக்கென்று பெற்றுக்கொண்டதாக நினைத்திருந்தான். இப்போது அது அடுத்தவன் வாயில் கிடந்து ஈரத்தோடு வந்த கரண்டி மாதிரி இருந்தது. அதைத்தான் இத்தனை நாளும் சப்பிக்கொண்டிருந்தோமா என்று தோன்றியதும் குமட்டியது.

சமையலறை ஜன்னலுக்கு அப்பால் மடாரென்று ஒரு சத்தம். இரும்பு வாணலி தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"கை வழுக்கிடுச்சு," என்றது ஒரு பெண் குரல். அதில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

ஹார்லன் குனிந்து ஜட்டின் காதில் சொன்னார். "அதான் லீட்டா. என் சம்சாரத்தோட தங்கச்சி மக. ஆர்க்கன்சால இருந்து வந்திருக்கா. மாட்டு டாக்டர்கிட்ட வேல. வசனம் தெரியும், பேக்கன் பொரிக்கத் தெரியும். வேற என்ன வேணும் ஒரு ஆம்பளைக்கு? நாளைக்கு ரெண்டாவது வரிசையில உக்காரச் சொல்லியிருக்கேன். நீ கதவு மூடினதச் சொல்லு. சொல்லிட்டு அவளப் பாரு. மத்தத கர்த்தர் பாத்துப்பாரு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"கர்த்தர் ஒருத்தன ஆயத்தப்படுத்திட்டு இருக்காருன்னு சொல்லிவச்சிருக்கேன். சரி சரி, தின்னுட்டு மேல போய்ப் பாரு. பியானோ பக்கம் ஏசி ஏதோ கோளாறாம். பொம்பளைங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க."

ஜட் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அந்தக் கிரேவி நாற்றத்திலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது.

மேலே ஆராதனைக் கூடத்தில் விளக்குப் போடவில்லை. கொரீன் பியானோ முன் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். பச்சை ஸ்வெட்டர். அவனைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

"நல்லவேளை வந்த. நாளைக்கு உனக்கு எது வாசிக்கட்டும்?"

"எனக்கா?"

"உன் சாட்சிக்குத்தான். பேசுறப்ப பின்னாடி யாராவது வாசிக்கணும்ல." அவள் விரல்கள் மெல்ல ஊர்ந்தன. "வெஸ்ஸுக்கு இது. க்ளேட்டன் அழுதான், அதனால அவனுக்கு இத நீட்டி நீட்டி வாசிச்சேன். நீ அழுவியா? முன்னாடியே சொல்லிட்டா கால்ல பெடல மிதிக்கிறதுக்கு வசதியா இருக்கும்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாட்சி சொல்லும்போது பியானோ ஒலிப்பதை அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். வெஸ் மேடையில் நின்று, பெயர் சொல்லாமல், தனக்குக் கிடைக்காத பெண்ணுக்காகக் கர்த்தரைத் துதித்தபோது, அந்தப் பெண்ணே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து அதற்கு இசை கூட்டிக்கொண்டிருந்தாள். ஜட் அன்றைக்கு முன்வரிசையில் இருந்தான். ஆமென் என்றும் சொன்னான்.

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல கொரீன்?"

"யார்கிட்ட? கடவுளே சொன்னாருன்னு வர்றவன்மேல எங்க போய்ப் புகார் குடுக்கிறது? அவருக்கு மேல யாராவது ஆபீசர் இருக்காரா?" அவள் கையை எடுத்து ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒருத்தனாவது 'காபி குடிக்க வர்றியா'ன்னு கேட்டீங்களாடா? கேட்டிருந்தா போயிருந்தாலும் போயிருப்பேன். எல்லாரும் நேரா தீர்ப்போடதான் வந்தீங்க. சரி, அத விடு. அந்தக் காத்த மொதல்ல நிறுத்து. முதுகுல ஐஸ் கொட்டுது."

ஜட் ஏணியை எடுத்துவந்து போட்டான். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தின் அருகே கையை வைத்தான். குளிர் கையில் அறைந்தது. உள்ளே இருந்த தகடு முழுக்கத் திறந்து, காற்று மொத்தமும் நேராகப் பியானோ நாற்காலியின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எத்தன நாளா இப்படி இருக்கு?"

"போன வருஷத்துல இருந்து. உன்கிட்ட சொல்லச் சொன்னேனே. சொல்லலயா?"

சொன்னார்கள். வசந்தகாலத்தில் யாரோ வந்து சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. சபை வேலை, காசு வராது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்ததும் நினைவு வந்தது.

"அதுக்குத்தான் இந்த ஸ்வெட்டரா?" அவன் ஏணியின்மேலிருந்தபடியே கேட்டான். கீழே பார்க்க முடியவில்லை.

"பின்ன ஆசைக்கா? வெளியில மனுஷன் வேகுறான். இத இங்கயே கொக்கியில மாட்டிவச்சிருக்கேன். வாராவாரம் இதுதான். ஏன்?"

அவன் சொன்னான். கிதியோனையும் சொன்னான், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் குரலே தன் காதில் கொழகொழவென்று விழுந்தது. தான் பழுதுபார்க்காத காற்றில் ஒருத்தி நடுங்கினாள். அந்த நடுக்கத்தை அவன் கர்த்தரின் கையெழுத்து என்று வாசித்திருக்கிறான். வெஸ்ஸையாவது பார்த்துச் சிரிக்கலாம். இதை எந்த வாயால் சிரிப்பது?

கொரீன் முதலில் சிரித்தாள். "நல்லவேளை, நான் மழைக்கோட்டுப் போட்டுட்டு வரல." பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. "இதுக்கா ஜட்? இதுக்கா?"

அவன் தகட்டின் நெம்புகோலைத் திருப்பினான். துருப்பிடித்திருந்தது, ஆனாலும் ஒரே முறுக்கில் திரும்பிவிட்டது. அவ்வளவு சின்ன வேலை. காற்று சுவர்ப்பக்கம் போனது. அவன் ஏணியை மடக்கினான். கொரீன் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். அவளுடைய கை ஸ்வெட்டர் இல்லாமல் வெறுமையாக இருப்பதை அவன் இதுவரை கவனித்ததே இல்லை. அது யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியின் கை.

"என்ன மன்னிச்சிடு," என்றான். "நாளைக்கு எனக்கு எதுவும் வாசிக்க வேண்டாம்."

"ஹார்லன் குதிப்பாரு."

"குதிக்கட்டும்."

அவன் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். வெயில் கண்ணைக் குத்தியது. குழாயடியில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுந்த இரும்பு வாணலியை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பூனைக் கீறல்கள். அவன் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்கதான ஆயத்தப்படுத்தப்பட்டவரு?"

ஜட்டுக்குக் காது சூடானது. "ஜட்."

"தெரியும். பெரியப்பா காட்டினாரு, ஏலத்துல மாட்டக் காட்டுற மாதிரி." அவள் மறுபடி தேய்த்தாள். "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். நாளைக்கு நீங்க மேடையில நின்னு, வேற ஒருத்திக்காக உருகி உருகிப் பேசுறப்ப, ரெண்டாவது வரிசையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்? டார்லா மூஞ்சியா? எனக்கு அது வராது."

"வாணலி தானா விழுந்துச்சா?"

"நான் போட்டா விழாம என்ன செய்யும்?"

அவனையறியாமல் சிரிப்பு வந்தது. அன்று காலையிலிருந்து குமட்டாமல் இறங்கிய முதல் மூச்சு அதுதான்.

"நாளைக்கு நான் பேசல," என்றான்.

"ஏன், கர்த்தர் மனச மாத்திக்கிட்டாரா?"

"அவரு எதுவும் சொல்லல. அப்பவும் சொல்லல, இப்பவும் சொல்லல. நான் பாத்தது ஒரு ஸ்வெட்டர்."

லீட்டாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் விளக்கமும் கேட்கவில்லை. வாணலியைச் சாய்த்து உப்புத் தண்ணீரைப் புல்லில் கொட்டினாள். அழுக்கான கொழுப்பு வெயிலில் மினுங்கி ஓடியது. ஜன்னல் வழியாக ஹார்லனின் குரல் கேட்டது. யாருக்கோ அதே கதவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இவளிடம் வாயைத் திறந்தால் ஹார்லன் சொன்னதுதான் நடந்தது என்று ஆகிவிடும். ஒரு கதவு மூடியது, ஒரு கதவு திறந்தது. அந்த மனிதர் சட்டைப்பைக் கிரேவியோடு எல்லோரிடமும் சொல்லித் திரிவார். ஜட்டுக்கு அதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டான். சாவி கையில் இருக்கும்போதுதான் கொரீனும் அன்று கார் நிறுத்தும் இடத்தில் இப்படிச் சாவியோடு நின்றது நினைவு வந்தது. அன்றைக்கு அவன் அவளை எதுவும் கேட்கவே இல்லை. சொன்னான், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லக்கூட அவள்தான் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, அவள் எழுந்து போக வழிவிட்டு நின்றான்.

"லீட்டா."

"ம்."

"ஏரிப்பக்கத்துக் கடையில வெள்ளிக்கிழமையானா கெளுத்தி மீன் பொரிப்பாங்க. கடை பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், மீன் நல்லா இருக்கும். உங்க பெரியப்பா சொல்லிக் கேக்கல, மேல இருக்கவரும் ஒன்னும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிடலாம், அத நான் யார்கிட்டயும் போய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்." அவள் வாணலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், கை ஒரே இடத்தில் நின்றது. "என்கூட வர்றீங்களா?"