யாரும் விற்காத இடம்

என் மகள் கோகிலாவுக்கு வாய் நீளம். அது என்னிடமிருந்து போனது, மறுப்பதற்கில்லை. பயம் மட்டும் என்னிடமிருந்து போகவில்லை. அதை நான்தான் அவள் கண்ணில் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அப்போது அவள் நான்காம் வகுப்பு. மலாக்காப் பட்டணத்தில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அவளுடைய தமிழ்ப்பள்ளி. அந்த வருஷம் பொன்னுதுரை என்று ஒரு புது வாத்தியார் வந்தார். பெட்டி போட்ட சட்டை, வழித்துச் சீவின தலை, நிறைய ஆசை. நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, நம் பிள்ளைகள் இனிமேலும் தோட்டத்தில் ரப்பர் பால் வாளி தூக்கக்கூடாது, சொந்தத் தொழில் செய்யவேண்டும் என்று வகுப்பில் பேசுவாராம். தினம் சாயங்காலம் கோகிலா அந்தப் பாடத்தை என்னிடம் ஒப்பிப்பாள். நான் மசாலா அரைத்துக்கொண்டே கேட்பேன்.

"முதலாளி ஆகணும்னா பயப்படக்கூடாதும்மா. எல்லாரும் விக்கிற இடத்துல போய் நிக்கக்கூடாது. யாரும் விக்காத இடத்தைத் தேடிப் போகணும். புது ஆளுக்கு முதல்ல ஒண்ணு இனாமாக் கொடுக்கணும். நம்ம பேரு, வீடு எல்லாம் தெளிவாச் சொல்லணும். அப்பத்தான் நம்மளைத் தேடி வருவாங்க."

"சரிதான் முதலாளி, போய் வெங்காயம் உரி" என்பேன். சிரித்துக்கொண்டே உரிப்பாள்.

அடுத்து வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றைச் செய்து விற்றுவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் வந்து சொல்லவேண்டும். கோகிலா நாசி லெமாக் என்றாள். தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் எனக்கு அவ்வளவாக வராது. பக்கத்து வீட்டு வடிவாம்பாள் அக்காவுக்குக் கை வந்த சமையல். அவர் மலாக்காச் செட்டி. பேர் வடிவாம்பாள், கும்பிடுவது மாரியம்மனை, பேச்சு முழுக்க மலாய். தன் வீட்டுப் பெரியோக் பானையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். விடியற்காலையில் எழுந்து ஆக்கியது நானும் அவரும், முதலாளி பட்டம் மட்டும் இவளுக்கு. வாழையிலைப் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கிக் கொடுத்தேன். கோயில் வாசலில் நின்று விற்றுவிட்டு வருவாள் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல்தான் வடிவாம்பாள் அக்கா சந்தையிலிருந்து திரும்பினார். உன் மகளைப் பார்த்தேனே, கூடையோடு புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் ஏறினாளே என்று மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன்.

அதில் என்ன ஆபத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டணத்தில் பிறந்து பட்டணத்தில் வளர்ந்தவர். நாங்கள் புக்கிட் ரம்பாய்க்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று தோட்டத்துப் பால்மரங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே ஒரு பிடி அரிசி போகக்கூடாது, ஆக்கின சோறும் போகக்கூடாது. என் தம்பி தியாகு பசி பொறுக்காதவன். ஒரு நாள் பால் வாளிக்குள் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போனான். கேட்டில் பிடித்தார்கள். லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் மூட்டை கட்டிக்கொண்டு காஜா பெராங் வந்தோம். கோகிலா அப்போது சின்னப்பிள்ளை. மாமா இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்தோம். அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று என் புருஷன் சேதுபதி சொல்லிவிட்டார். சுவருக்கும் காது இருந்த காலம் அது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிட்டால் என்ன செய்வது? அதனால் சோறு கொண்டுபோவது குற்றம் என்பதே அவளுக்குத் தெரியாது. தோட்டத்தில் யாரும் சோறு விற்று அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். யாரும் விற்காத இடம்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். செருப்புப் போடாமல் வந்திருக்கிறேன் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. எதிரில் ஒரு போலீஸ் லாரி வந்தது. அதற்குள் என் பிள்ளை இருக்கிறாளா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பயந்தவள் பக்கத்தில் உட்காரவும் அந்தக் காலத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. மாரியாத்தா, அவளைக் கேட்டைத் தாண்ட விடாதே, அது போதும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக் கேட்டின் தடுப்புக் கட்டைக்கு முன்னால், மரத்தடியில், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் என் மகள். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மலாய்க் காவலர்கள் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு வாழையிலையை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"சேடாப், மாச்சே" என்று ஒருவன், நல்ல ருசி அம்மா என்கிற மாதிரி, கட்டைவிரலைக் காட்டினான். உள்ளே போகப் பார்த்தாள், நாங்கள்தான் இங்கேயே எல்லாவற்றையும் வாங்கித் தின்றுவிட்டோம், இனிமேல் இந்தப் பக்கம் சோற்றோடு அனுப்பாதே என்றான். நான் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என் மகனாகப் பிறந்திருந்தால் முத்தமே கொடுத்திருப்பேன். கோகிலாவின் கையைப் பிடித்த பிடியில் அவள் "வலிக்குதும்மா" என்றாள். அடிக்கவேண்டும் என்றுதான் வந்தேன், அழுகைதான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம்.

"எல்லாம் வித்துடுச்சும்மா" என்றாள். "ஒண்ணு மட்டும் இனாமாக் கொடுத்தேன்."

"அந்த போலீஸ்காரங்களுக்கா?"

"இல்ல. நான் ஒரு ஸ்டாப் முன்னாடியே தெரியாம இறங்கிட்டேன். கம்பி ஓரமா நடந்து வந்தேனா, உள்ள மரத்துக்கிட்ட ஒருத்தர் நின்னாரு. கம்பிக்குள்ள கையை நீட்டினாரு. புது ஆளுதானேன்னு கொடுத்தேன். நின்னுக்கிட்டே ரெண்டு கையாலயும் அள்ளிச் சாப்பிட்டாரும்மா."

நான் அவள் வாயைப் பொத்தினேன். முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பவில்லை. கேட்டாரா கேட்கவில்லையா தெரியவில்லை.

"நம்ம ஆளா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"தமிழ்தான் பேசினாரு."

தியாகுவோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். இல்லை, தாடி நரைத்த கிழவராம்.

"பேரு கேட்டாரு. கோகிலா, காஜா பெராங், கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடுன்னு தெளிவாச் சொன்னேன். நல்லாயிருக்கு பாப்பா, வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறேன்னாரு."

சந்தோஷமாகச் சொன்னாள். பாடத்தில் ஒன்றையும் அவள் விடவில்லை.

அந்த ஆள் பசித்த தோட்டத் தொழிலாளியாகவே இருக்கலாம். இருக்கட்டும், யார் விசாரிப்பார்கள்? தியாகுவை யார் விசாரித்தார்கள்? காட்டுக் கம்யூனிஸ்டாக இருந்து வீடு தேடி வந்தாலும் எங்களுக்குச் சாவு, அவன் பிடிபட்டு எங்கள் வீட்டைச் சொன்னாலும் சாவு. சேதுபதியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பின்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் அடித்தார்.

திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சாயங்காலம் பொன்னுதுரை வாத்தியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பென்சில் பெட்டி, நன்றாக விற்ற பிள்ளைக்குப் பரிசாம். மற்ற பிள்ளைகள் பள்ளி வாசலை விட்டு நகரவில்லை, இவள்தான் துணிந்து வெளியே போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தியாகுவைப் பற்றியும் சொன்னேன், கம்பிக்குள் நீண்ட கையைப் பற்றியும் சொன்னேன். கோகிலா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா இந்தியாவுக்குப் போகவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாத்தியாரின் முகத்தில் இருந்த களை அப்படியே இறங்கிவிட்டது. வாசலை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, யாராவது வந்து கேட்டா, நான்தான் போகச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

சொன்னபடியே கும்பிட்டார். எனக்கு ஆத்திரம் வரவேண்டும், வரவில்லை. தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நானும் அதேபோலத்தானே கும்பிட்டேன்.

கோகிலா அந்தக் கும்பிட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நீளமான பிள்ளை ஒன்றும் கேட்காமல் நின்றது எனக்கு என்னவோ செய்தது. வாத்தியார் பென்சில் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை அவள் தொடவில்லை.

பொழுது சாயும் நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

எப்போதும் யார் தட்டினாலும் ஓடிப்போய்த் திறப்பது கோகிலாதான். "வாங்க, வாங்க" என்று அவள் குரல்தான் முதலில் கேட்கும். அன்றைக்கு அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போய் எரிந்த விறகை உள்ளே தள்ளிச் சாம்பலைப் போட்டு மூடினாள். தட்டில் இருந்த சோற்றைத் துணி போட்டு மறைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், மறு கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தச் சின்னக் கை சில்லென்று இருந்தது.

மறுபடி தட்டினார்கள்.

"அஞ்சலை! பெரியோக் அடா?" என்று வெளியிலிருந்து வடிவாம்பாள் அக்காவின் குரல் வந்தது. தன் பானையைக் கேட்டு வந்திருக்கிறார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. எழுந்து கதவைத் திறக்கப் போனேன். கோகிலா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"திறக்காதேம்மா" என்றாள். "அவங்க குரல் மாதிரிதான் இருக்கு. திறக்காதே."