சிக்னல் கிடைக்காத மலை

செல்போன் கோபுரங்களில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக் கட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவனை 'டவர்' என்றே கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விடிந்தும் விடியாமலும் தன்னந்தனியாக ஒரு பெரிய மலையில் ஏறக் கிளம்பினான் என்றால் ஆசைப்பட்டுக் கிளம்பினான் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடினான்.

விஷயம் இதுதான். அவனுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். வீட்டில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது தம்பியான இவனுடையது மட்டும். "தர்றியா, இல்லையா? வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட பதில் சொல்லணும்ப்பா" என்று அக்கா புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று இவனும் தரையைப் பார்த்தே சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது கோபித்துக்கொண்டிருக்கலாம்.

"இன்னைக்கா மலை?" என்றாள் மனைவி.

"லீவு இன்னைக்குத்தான் கெடச்சுது. அங்க சிக்னல் இருக்காது, தேடாதே."

போனை அணைத்துவிட்டு வீட்டிலேயே படுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதில்தான் இவனுடைய தொழில் மூளை வேலை செய்தது. போனை அணைத்தால் அது இவன் செய்த தப்பு. சிக்னல் இல்லையென்றால் யாருடைய தப்பும் இல்லை. தினமும் எத்தனை பேர் இவனிடமே அந்தச் சாக்கைச் சொல்லியிருக்கிறார்கள்!

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போதே போனில் ஒரு கோடுதான் இருந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் அதுவும் போயிற்று. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தானா? இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை என்று தெரிந்ததும் பைக்குள் போட்டான், போட்ட கையோடு மறுபடி எடுத்தான். ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். இறுக்கமாக இருக்கிறதென்று தளர்த்தினான், தளர்ந்துவிட்டதென்று இறுக்கினான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது.

கோபுரத்தில் அந்தரத்தில் தொங்கும்போது வராத பயம், ஒரு கட்டிலில் மல்லாந்து படுப்பதை நினைத்தால் வந்தது. மயக்க ஊசி போடுவார்கள். அப்புறம் என்ன நடக்கும் என்று இவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாததுதான் அவனை மலைக்கு விரட்டியது. ஒரு சிறுநீரகத்தோடு கோபுரம் ஏற விடுவார்களா, பிள்ளைகள் சின்னவர்கள் என்று வெளியே சொல்லிக்கொள்ள நாலு காரணம் வைத்திருந்தான். உள்ளே இருந்தது ஒன்றுதான்: பயம்.

மரங்கள் முடிந்து வெறும் கல் ஆரம்பித்தது. ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கிற்று. மூச்சு வாங்கியது, தலை வலித்தது. உச்சி வந்துவிட்டது என்று ஏறிப் பார்த்தால் அது உச்சி இல்லை, அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. யாரோ வேண்டுமென்றே ஏமாற்றியதுபோல் அதன்மேல் எரிச்சல்பட்டான்.

இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் எதிரே இறங்கி வந்தாள். "இன்னும் கொஞ்சம்தாங்க" என்றாள் உற்சாகமாக. "மேல சிக்னல் அள்ளுது! என் பொண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்."

தலையில் அடித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்துக் குன்றில் கோபுரம் நிற்கிறது. மலை ஏறுகிறவர்கள் சிக்கிக்கொண்டால் உதவி கேட்கட்டும் என்று, போன மழைக்கு முன்னால் அதில் ஏறி, ஆன்டெனாவை இந்த உச்சியைப் பார்த்துத் திருப்பி வைத்தவன் இவனேதான். காட்டுக்குள் மலைச் சரிவு மறைக்கும், உச்சியில் மறைக்க என்ன இருக்கிறது? ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிறவன், சிக்னலுக்குத் தப்பிக்க இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். பதற்றத்தில் மனுஷனுக்குப் புத்தி எங்கே போகும் பாருங்கள்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் கீழேயும் அதே வெள்ளிக்கிழமைதான் காத்திருந்தது. ஏறினான்.

உச்சியில் ஒரு கல் குவியலும் அதில் செருகிய கம்பும் இருந்தன. ஆள் இல்லை. காற்று ஆளைத் தள்ளியது. குவியலைச் சுற்றிச் சுற்றி நடந்தான். போன் அடித்தது. மாமா இல்லை, அக்கா.

"எங்கடா இருக்கே? காத்து இந்த அடி அடிக்குது?"

"மலை மேலக்கா."

"தனியாவா? லூசு." சிரித்தாள். அப்புறம், "சரி, கேளு. டாக்டர்கிட்ட நானே பேசிட்டேன். தம்பிகிட்டேருந்து வேண்டாம்னுட்டேன். வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் குடுத்தாச்சு, வர்றப்போ வரட்டும். நீ புள்ளகுட்டிக்காரன், உயரத்துல வேலை பாக்கறவன். உங்க மாமா கேட்டதை மனசுல வெச்சுக்காதே."

"அப்பாடா" என்றான்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது, முழுதாக, சத்தமாக.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தான். போகவில்லை.

"இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு எப்படிடா இத்தனை நாள் என் பக்கத்துல சிரிச்சுப் பேசிட்டு உக்காந்திருந்தே?" அக்காவின் குரலில் கோபம் துளிகூட இல்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"இல்லக்கா... நான் தர்றேன்க்கா. நெஜமாத்தான் சொல்றேன்."

"இது நீ யோசிச்சுச் சொல்றதுடா. மொதல்ல சொன்னதை யோசிக்காம சொன்னே. பரவால்ல. பார்த்து இறங்கு. வழுக்கும்."

வைத்துவிட்டாள். அவன் உடனே கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தான். கால் ஆடவில்லை, கை பையைத் துழாவவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது, அழுதான். ஆனால் நெஞ்சுக்குள் வந்த அந்த நிம்மதி, எவ்வளவு அழுதும் போகமாட்டேன் என்றது. பல நாளைக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது. அதற்குத்தான் அதிகம் அழுதான்.